இன்றிரவு எங்கே தங்குவது?

2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மாலை ஒன்று. ஆண்டுவிழா நாடக ஒத்திகை முடிந்து, மழை விடட்டும் என்று நாங்கள் எட்டுப் பேர் பள்ளி வாயிலில் காத்திருந்தோம். நனைந்த துணி மூட்டையோடு ஒரு தாய் அங்கே வந்து ஒதுங்கினார். கையில் ஏழு வயதுப் பெண் குழந்தை. பின்னால் பதின்மூன்று வயதிருக்கும் மகன், ஓர் ஈய அண்டாவைத் தலையில் கவிழ்த்தபடி. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் சாமான்களை வெளியே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டாராம். “ஏம்மா, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் தங்குறதுக்கு எங்கயாச்சும் இடம் இருக்குமாம்மா?” என்று கேட்டார்.

எங்களுள் ஒருத்திக்கு ஏதோ ஒரு செய்தித்தாளில் படித்த ஞாபகம். மாநகராட்சிக் காப்பகம் ஒன்று இன்ன தெருவில் இருக்கிறது என்று உற்சாகமாக வழி சொன்னோம். ஒரு குடையையும் கொடுத்தனுப்பினோம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீடு சேர்ந்து, சூடாகச் சாப்பிட்டு உறங்கினோம்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அத்தாய் வாயிலில் நின்றிருந்தார். குடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். நாங்கள் சொன்ன இடம் ஆண்களுக்கு மட்டுமான காப்பகமாம். ஒன்றரை மணி நேரம் மழையில் நடந்து போய், அங்கே சேர்க்க முடியாது என்றதும் திரும்பி வந்து, பேருந்து நிழற்குடையின் கீழ் மூவரும் இரவைக் கழித்திருக்கிறார்கள். அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க” என்றார். அதைக் கேட்ட பிறகு எங்களுக்கு வகுப்பில் பாடம் ஓடவில்லை.

எங்கள் சமூக சேவைக் குழுவை வழிநடத்தும் அருட்சகோதரி அன்று எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “ஐரோப்பாவின் நதிகளையெல்லாம் வரைபடத்தில் காட்டுகிறீர்கள். உங்கள் ஊரில் ஒரு பெண் இரவு எட்டு மணிக்கு எங்கே போகலாம் என்று உங்களுக்குத் தெரியாது. எழுதுங்கள், இதுதான் இந்தப் பருவத்துக்கு உங்கள் பாடம்” என்றார்கள். அதன்படி எட்டு சனிக்கிழமைகள் ஆசிரியை ஒருவர் துணையோடு சுற்றினோம், தொலைபேசியில் கேட்டோம், நூலகத்திலும் தேடினோம். அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பழைய செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். வடசென்னையில் வயதானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏன் அந்தப் பெயர் என்று நாங்களும் இதுவரை கேட்டதில்லை. ஹைதர் அலியோடு கும்பினியார் நடத்திய போரினால் ஊர்ப்புறம் பாழாகி, பஞ்சமும் சேர்ந்துகொள்ள, மக்கள் கோட்டைப் பட்டணத்தை நோக்கி வந்தார்கள். அவர்களுக்கு 1782இல் இங்கே ஒரு கஞ்சிச் சத்திரம் ஏற்பட்டது. அதை ஒரு மணியக்காரர் பார்த்துக்கொண்டதால் ‘மணியக்காரர் சத்திரம்’ என்று பெயர்; ஆங்கிலேயர் நாவில் அது ‘மானேகார் சவுல்ட்ரி’ ஆயிற்று. கஞ்சிக்கு வந்தவர்களில் பலர் நோயாளிகள். ஆகவே 1799இல் ஒரு மருந்தகமும் சேர்ந்தது. அதுவே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் பயின்ற இடத்துக்கு அடித்தளம் ஒரு தொட்டிக் கஞ்சி!

ஆனால் கஞ்சி ஊற்றுவதிலும் கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி விதித்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து, மண் வெட்டுகிறவனுக்கு 680 கிராம் தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1877இல் அளவு கொஞ்சம் உயர்த்தப்பட்டது. நம் நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அந்தப் பஞ்ச காலத்து நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டப்பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் பாலத்தைக் கடக்கும் அந்த வாய்க்காலை வெட்டியவர்கள் பசித்த மனிதர்கள்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பசியும் இருப்பிடமும் ஒன்றாகவே வரும் துன்பங்கள் என்றாலும், உணவு கிடைக்கும் வாசல் வேறு, படுக்க இடம் கிடைக்கும் வாசல் வேறு. உணவு எளிது, ஆகவே அதை முதலில் சொல்கிறோம்.

சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினர். இட்லி ஒன்று 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், மாலையில் பருப்புக் கடைசலோடு இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். எங்கள் கணக்கு இது: காலையில் நான்கு இட்லி, பகலில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், மாலையில் நான்கு சப்பாத்தி என்றால் 4, 8, 6 ஆக மொத்தம் 18 ரூபாயில் ஒருவர் நாள் முழுதும் உண்ணலாம். ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளும் இவ்வுணவகங்கள் இருப்பதால், நோயாளியோடு வந்தவர்கள் வெளியே அலைய வேண்டியதில்லை. யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்பதில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கட்டிடத் தொழிலாளியும், அவருக்கு முன்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் அலுவலகப் பெண்ணும் நின்றார்கள். இலவசமாகத் தரும் இடத்தைவிட இது மேல் என்று எங்களுள் சிலருக்குத் தோன்றிற்று. காசு கொடுத்து வாங்கும்போது தலை நிமிர்ந்திருக்கிறது அல்லவா? மற்றவர்கள் மறுத்தார்கள். கையில் ஒன்றுமே இல்லாதவருக்குப் பதினெட்டு ரூபாயும் பெரும் பணம்தான். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஒன்றுமே இல்லாதவர் என்ன செய்வது? இந்த ஊரில் தெய்வத்தின் பெயரால் எரியும் அடுப்புகள் பல. கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலிலும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலிலும் உச்சிப் பொழுதில் பந்தி நடக்கிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு இல்லை. ஆகவே பதினொன்றரைக்கே போய்விட வேண்டும். தியாகராயநகர் குருத்வாராவில் லங்கர் என்னும் பொதுப்பந்தியில் யாரும் தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்து உண்ணலாம். ரம்ஜான் மாதம் வந்தால் பள்ளிவாசல்தோறும் மாலையில் நோன்புக் கஞ்சி. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறப்போருக்கு ஆண்டுதோறும் உணவு கொண்டுவந்து பரிமாறுபவர்கள் மயிலாப்பூரின் சூஃபிதார் அறக்கட்டளையினர். தேசப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த இந்துக் குடும்பத்தார் ஏற்படுத்திய அமைப்பு அது. நம் கோவில்களில் செவ்வாய்க்கிழமைதோறும் புனித அந்தோணியாரின் பெயரால் ஏழைகளுக்கு அப்பமோ உணவுப் பொட்டலமோ கொடுப்பது பழைய வழக்கம். எங்கள் குழுவில் இந்துச் சகோதரியரும் இஸ்லாமியச் சகோதரியரும் உண்டு. தத்தம் வீட்டாரிடம் கேட்டு எங்கே, எந்த நேரத்தில் என்று அவர்கள் எழுதி வந்த தாள்தான் எங்கள் ஆய்வேட்டில் மிகவும் பயனுள்ள பக்கம்.

பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு மதிய உணவு உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசரால் மாநிலமெங்கும் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவும் சேர்ந்த கதையை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். வீடிழந்த குடும்பம் அந்தக் களேபரத்தில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் விட்டால், இருக்கிற ஒரு வேளைச் சோறும் போய்விடும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் அங்கன்வாடி இருக்கிறது. நியாயவிலைக் கடையில் அரிசி அட்டைக்கு 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ முறை 2020இல் தமிழ்நாட்டில் வந்தபின் வெளியூர்க்காரரும் இங்கே தம் பங்கைப் பெற வழியிருக்கிறது. ஆனால் அடுப்பு வைக்க இடமில்லாதவர் இருபது கிலோ அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அண்டாவைத் தலையில் கவிழ்த்து வந்த அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்.

அடுத்தது இரவு. எங்களை ஏமாற்றியது இதுதான்.

நாட்டில் உணவு உரிமைக்காக 2001இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு ஒன்று பல ஆண்டுகள் நடந்தது. 2010 ஜனவரியில் தில்லியில் கடுங்குளிர். வீடற்றவர்கள் தெருவில் விறைத்து மடிவதை அந்த வழக்கில் நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தார்கள். நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும், ஆண்டு முழுதும், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற உத்தரவு அப்படிப் பிறந்தது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்கு ஓர் அளவும் குறித்தது: லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் இடம், ஒருவருக்கு 50 சதுர அடி. எங்கள் வகுப்பறையை அளந்தோம். 24 அடி நீளம், 20 அடி அகலம், ஆக 480 சதுர அடி. ஐம்பத்திரண்டு பேர் உட்காரும் அந்த அறையில் விதிப்படி ஒன்பது பேர்தான் தங்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஏறக்குறைய 67 லட்சம் பேர். அப்படியானால் எத்தனை பேருக்குப் படுக்கை வேண்டும்? கணக்கை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு விடுகிறோம்.

சென்னையில் இவை ‘நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்’ எனப்படுகின்றன. கட்டிடம் மாநகராட்சியுடையது, நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள். பாய், தலையணை, குளிக்க இடம், பல இடங்களில் உணவும் உண்டு. இவற்றைப் பற்றி நாங்கள் அறிந்த முதல் உண்மை, அன்றைய மழை இரவில் அறியாமற்போன உண்மை இது: எல்லாக் காப்பகமும் எல்லாருக்கும் உரியதன்று. ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு, சிறுவருக்கு வேறு, சிறுமியருக்கு வேறு, முதியோருக்கு வேறு, மனநலம் குன்றியோருக்கு வேறு. அரசு மருத்துவமனைகளை ஒட்டி, நோயாளியோடு வந்த வெளியூர் உறவினர் தங்குவதற்கென்றே சில இருக்கின்றன. தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ மகனுக்கு அறுவைச் சிகிச்சைக்காக வந்தவர் நடைபாதையில் துண்டை விரிக்கத் தேவையில்லை. மருத்துவமனையிலேயே விசாரித்தால் வழி தெரியும். குடும்பமாகத் தங்கும் இடங்களோ குறைவு. பெண்கள் காப்பகத்தில் தாயையும் சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். மீசை அரும்பும் வயதுப் பையனைச் சில இடங்களில் சேர்க்கமாட்டார்கள். மகனைப் பிரியமாட்டேன் என்று எத்தனையோ தாய்மார் தெருவிலேயே இருந்துவிடுகிறார்கள் என்று ஒரு காப்பகப் பொறுப்பாளர் அம்மா சொன்னார். விதி போட்டவர்களுக்கு அதற்கும் காரணம் இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் அந்த விதி எங்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை இங்கே எழுதியே விடுகிறோம்.

ஆகவே ஒருவர் இடம் கேட்டால் உடனே தெருப் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. முதலில் நாம் அறிய வேண்டியவை: எத்தனை பேர், பிள்ளைகளின் வயது என்ன, யாருக்கேனும் உடம்பு சரியில்லையா, யாருக்காவது பயந்து வந்தாரா. இந்த நான்கும் தெரிந்தால் எந்த வாசல் என்று தெரிந்துவிடும். பிறகு மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசி, அருகில் எது, இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சப்படுத்தியிருக்கக் கூடிய நடையைத்தான் அந்தத் தாய் மழையில் நடந்தார்.

பயந்து வந்த பெண்ணுக்கு வாசல் வேறு. கணவனோ உறவினரோ அடித்துத் துரத்தியிருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். பகலிரவு எந்நேரமும் எடுப்பார்கள். ‘சகி’ எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஐந்து நாள் வரை தங்க வைத்து, மருத்துவம், காவல்துறை, சட்ட உதவி ஆகியவற்றுக்கு அங்கிருந்தே ஏற்பாடு செய்கிறார்கள். ஐந்து நாள் போதுமா என்று கேட்டோம். அதற்குள் அடுத்த இல்லத்துக்கு வழி பார்ப்போம் என்றார்கள்.

தனியே நிற்கும் குழந்தை என்றால் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவதால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் மறக்காது. 1996இல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா என்ற சமூகப்பணிப் பேராசிரியையின் முயற்சியால் இது தொடங்கிற்று. 2023 முதல் மாநில அரசுகள் வழியாக நடத்தப்படுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அப்படிக் கண்டெடுத்த குழந்தையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். நல்ல எண்ணத்தோடுகூட வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்ளக் கூடாது. இதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டுகிறோம். எங்கள் வீடுகளில் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

கைவிடப்பட்ட முதியவருக்கு 14567 என்ற உதவி எண் உண்டு. சாலையோரம் கிடப்பவர்களை மீட்டு இல்லங்களில் சேர்க்கவும் குடும்பத்தோடு இணைக்கவும் சென்னைக் காவல்துறை 2021இல் ‘காவல் கரங்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தை நம்மில் பலர் கிறிஸ்துமஸ் காலத்தில் பார்த்திருப்போம். புனித ஜான் ஜுகான் 1839இல் பிரான்சில் பார்வையற்ற முதிய பெண்மணி ஒருவரைத் தம் கட்டிலில் படுக்கவைத்துத் தாம் பரணில் போய்ப் படுத்ததிலிருந்து தொடங்கிய சபை அது. அத்தகைய இல்லங்களில் இடம் கிடைக்க விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இன்றிரவுக்கான வழியாக அவற்றை எண்ணிவிடக் கூடாது. மயங்கிக் கிடப்பவரானால் காப்பகம் தேடுவதே தவறு, முதலில் 108.

மனம் பேதலித்து அலையும் பெண்ணைக் கண்டால் நாம் பயந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறோம். தெருவில் நின்ற அப்படி ஒரு பெண்ணை ஏற்றுக்கொள்ள ஊரில் ஓரிடமும் இல்லையே என்று அலைந்த இளம்பெண்கள் இருவர், வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்போர், 1993இல் சென்னையில் ‘தி பேன்யன்’ என்ற நிறுவனத்தையே தொடங்கிவிட்டார்கள். எங்களைப் போலவே அவர்களும் முதலில் ‘எங்கே அனுப்புவது’ என்று திகைத்தவர்கள்தாம். இதைப் படித்த அன்று எங்களுக்குச் சற்றுத் தைரியம் வந்தது.

வெள்ளக் காலம் தனிக் கதை. அப்போது வீடுள்ளவரும் வீடற்றவராகிறார். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது மாடியில் சிக்கியவர்களை மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து மீட்டார்கள். அம்மா உணவகங்களில் அந்நாட்களில் காசு வாங்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வடசென்னைத் தெருக்களில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதை நம்மில் பலர் மறக்கமாட்டோம். இத்தகைய வேளையில் மாநகராட்சிப் பள்ளிகளும் சமுதாய நலக்கூடங்களும் நிவாரண முகாம்களாகின்றன. 1913ஓ, மாவட்டத்தின் 1077ஓ, மாநிலத்தின் 1070ஓ கேட்டால் முகாம் எங்கே என்று தெரியும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபின் கேட்பதைவிட வாசலில் இருக்கும்போதே கேட்பது நலம். குடும்ப அட்டை, ஆதார், மதிப்பெண் சான்றிதழ், மருந்துச் சீட்டு நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். எங்கள் குழுவில் ஒருத்தி தன் எட்டாம் வகுப்புச் சான்றிதழ்களை மிக்ஜாம் தண்ணீரில் இழந்தவள். இந்த வரியை அவளே எழுதினாள்.

பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையைப் பற்றி நாங்கள் அறிந்தது குறைவு. உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடுகளுக்குச் சென்று, அரிசியோ வாடகையோ பள்ளிக் கட்டணமோ உதவிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதே காரணம். பாரிஸ் நகரில் 1833இல் அதைத் தொடங்கியபோது முத்திப்பேறு பெற்ற ஃபிரெடெரிக் ஓசானாமுக்கு வயது இருபது, கல்லூரி மாணவர். “கிறிஸ்தவர்கள் இன்று என்ன செய்துவிட்டீர்கள்?” என்ற கேலிக்குப் பதிலாகத் தம் விறகில் மிஞ்சியதை ஓர் ஏழை வீட்டுக்குத் தூக்கிச் சென்றாராம். குளிர்நாட்டில் விறகு, இங்கே வாடகை முன்பணம்.

கேட்கும் முறையும் கொடுக்கும் முறையும் பற்றி அருட்சகோதரி எங்களைத் திருத்தியது உண்டு. முதல் சனிக்கிழமை நாங்கள் ஒரு காப்பகத்தில் கைப்பேசியில் படம் எடுக்க முயன்றோம். “உன் அம்மா அழும்போது யாராவது படம் எடுத்தால் உனக்கு எப்படி இருக்கும்?” என்றார்கள். அதன்பின் கைப்பேசியைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுச் சென்றோம். உதவி கேட்பவரின் முழுக் கதையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. முகவரியை வாயால் சொன்னால் பதற்றத்தில் மறந்துவிடும். பெரிய எழுத்தில் தாளில் எழுதி, பேருந்து எண்ணையும் குறித்து, பேருந்துக் காசையும் கொடுக்க வேண்டும். தங்கைகளுக்கு ஒன்று: நீங்களாக யாரோடும் துணைக்குப் போகாதீர்கள். ஆசிரியையிடமோ வாயிற்காவலரிடமோ ஓடிவந்து சொல்லுங்கள், அதுவே உங்கள் பங்கு.

அந்தத் தாயின் செய்தி என்னவென்று கேட்பீர்கள். குடையைக் கொடுக்க வந்த அன்றே அருட்சகோதரி அலுவலக அறையில் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, நான்கைந்து இடங்களுக்குப் பேசினார்கள். தாய்க்கும் மகளுக்கும் பெண்கள் காப்பகம் ஒன்றில் இடம் கிடைத்தது. மகனைச் சிறுவர் இல்லத்தில்தான் சேர்க்க முடிந்தது. அவன் ஈய அண்டாவை மட்டும் விடமாட்டேன் என்று கையிலேயே கொண்டுபோனான். ஒன்பதாம் நாள் பங்கிலிருந்து முன்பணம் ஏற்பாடாகி, ஓர் அறையில் மூவரும் சேர்ந்தார்கள். வாடகை இப்போதும் அவர்களுக்குப் பாரம்தான். சித்தாள் வேலை மழை நாளில் இல்லை.

எங்கள் ஆய்வை ஓர் அட்டையில் எழுதி வாயிற்காவலர் அறையில் மாட்டினோம். நான்கு நிறங்களில், அழகான எழுத்தில், ஓரத்தில் பூவேலையெல்லாம் செய்து மாட்டினோம். வாயிற்காவலர் அண்ணன் இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டு, “பாப்பா, பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நைட்டுல இந்த பல்பு வெளிச்சத்துல எனக்கு நம்பர் தெரியலையேம்மா” என்றார். அட்டையைக் கழற்றினோம். பூவை விட்டுவிட்டோம். வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் 1913, 181, 1098, 108 நான்கையும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் யாருக்கு என்று ஒரே சொல்லில் எழுதி மாட்டியிருக்கிறோம். ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எல்லா எண்களுக்கும் பேசிப் பார்த்துச் சரிபார்க்கும் பொறுப்பைப் பத்தாம் வகுப்புத் தங்கைகள் ஏற்றிருக்கிறார்கள்.